உஷ் அக்காவும் அறுபது பூநாரைகளும்

உலகத்தில் உள்ள சத்தத்தையெல்லாம் ஒரே ஆளாக நின்று குறைத்துவிட முடியும் என்று நம்பிய மனுஷி, எனக்குத் தெரிந்து, பாளையங்கோட்டை உஷ் அக்கா ஒருத்திதான். நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஹாஸ்டல் பதிவேட்டைப் புரட்டினால் கிடைக்கும். ஆனால் நாலு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நானே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தட்டு விழுந்தாலும் கதவு அடித்தாலும் மேல்வீட்டில் மிக்ஸி ஓடினாலும், உதட்டில் ஆள்காட்டி விரலை வைத்து அக்கா 'உஷ்' என்பாள். மிக்ஸிக்கு அது கேட்குமா என்று அவள் யோசித்ததே இல்லை.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி அது. பழைய மிஷன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருந்தது. இருபத்திரண்டு கட்டில், மூன்று குளியலறை, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியையான ஒரு வார்டன். நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு மத்தியானம். கையில் சக்கரம் வைத்த பெட்டி. இரண்டு படிகூட ஏறியிருக்க மாட்டேன், மேலேயிருந்து ஒல்லியாக, நரைத்த தலையோடு ஓர் அம்மாள் இறங்கி வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் பெட்டியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு மாடிக்கு நடந்தாள். புது ஆள் என்று உதவி செய்கிறாளாக்கும் என நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே போய் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே இந்த உருளைய இழுத்துட்டு வராத. காது கூசுது."

சமையல்கட்டில் கரண்டிக் காம்புக்கெல்லாம் பழைய துணி சுற்றி வைத்தது அக்காதான். தண்ணீர் மோட்டாருக்குத் தன் கைச்செலவில் எண்ணெய் விட்டு வந்தாள். பக்கத்துத் தெருவில் அம்மன் கோவில் கொடை விழா வந்தால், கமிட்டிக்காரர்களிடம் போய் நிற்பாள். பாட்டை நிறுத்தச் சொல்ல மாட்டாள், நியாயம் தெரிந்தவள். எங்கள் பக்கம் பார்த்திருக்கும் ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கரை மட்டும் மைதானத்துப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்வாள். வருஷா வருஷம் திருப்பி வைப்பார்கள். அவளுக்குப் பயந்து செய்தார்களா, பாவம் என்று செய்தார்களா, தெரியாது.

அவளிடம் ஒரு பைனாகுலரும் இருந்தது. ஹாஸ்டலின் மானமே போகப் பார்த்தது அதனால்தான். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் வார்டனிடம் வந்து, மொட்டை மாடியில் துண்டோடு நிற்கக்கூட முடியவில்லை, உங்கள் பெண்ணொருத்தி குழல் வைத்துப் பார்க்கிறாள் என்று புகார் சொன்னார். வார்டன் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். அக்கா நிதானமாகச் சொன்னாள்: "அவரைப் பாக்க எனக்கு எதுக்கு டீச்சரம்மா பைனாகுலர்? வெறும் கண்ணுக்கே தெரியுதாரே. அவர் துண்டு காயப்போடுத கொடியில தேன்சிட்டு கூடு கட்டுது. அதைப் பாக்கேன்." அதற்குப் பிறகு பெரியவர் அந்தக் கொடியில் துண்டு போடுவதை நிறுத்திவிட்டார். முட்டை பொரிந்த அன்று எங்கள் கேட் வரைக்கும் வந்து, வார்டனிடம் தகவல் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா ஏன் இப்படி ஆனாள் என்பதற்கு ஹாஸ்டலில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பிறந்த ஊர் குலசேகரன்பட்டினம், சின்ன வயதில் தசரா மேளத்தை ரொம்பப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டாள் என்று ஒருத்தி. காதல் தோல்வி என்று இன்னொருத்தி. அந்த ஹாஸ்டலில் பல்வலிக்கும் அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். நிஜம் எனக்கு ஒரு நாள் தெரிந்தது. அக்கா ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கும் வேலையில் இருந்தாள். ஏதோ காகிதம் கொடுக்க அங்கே போயிருந்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணியில் அவளை இருபது வீட்டுக்காரர்கள் திட்டினார்கள். சிலிண்டர் ஏன் வரவில்லை, விருந்தாளி வந்திருக்கிறார்கள், உலை பாதியில் நிற்கிறது, நீயெல்லாம் ஒரு பொம்பளையா. ரிசீவரைக் காதிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு, "சரிம்மா. ம். சொல்லுங்க. ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. ஒருவரிடமும் 'உஷ்' என்று சொல்லவில்லை. அங்கே சேர்த்துவைத்ததை எல்லாம்தான் எங்களிடம் சொல்லித் தீர்த்தாள் என்று அன்று புரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஹாஸ்டல் காலியாகிவிடும். அம்பாசமுத்திரம், தென்காசி, நாங்குநேரி என்று அவரவர் ஊருக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது. அந்த வெறுங்கட்டில்களுக்கு நடுவில் உஷ் அக்கா ஒருத்திதான் இருப்பாள். விடியுமுன் எழுந்து அவளும் எங்கோ போய்விட்டு இருட்டும்போது சேற்றுக்காலோடு திரும்புவாள். நான் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேர் ஆனோம்.

என் கதை பெரிய கதை இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் புருஷன் வீட்டைவிட்டு வந்துவிட்டேன். வந்த இடம் அம்பாசமுத்திரத்தில் அம்மா வீடு. ஒரு மாதம் கழித்து அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, தங்கைக்கு வரன் பார்க்கிறோம், பார்க்க வருகிறவர்கள் உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு வெளியே எங்கேயாவது இரு என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துச் சொன்னாள். பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. அம்பாசமுத்திரம் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எட்டு மாதம் போகவில்லை. ஞாயிறு காலை கோவிலுக்குப் போய்விட்டு வந்து, வீட்டில் மற்றவர்கள் பார்க்காத நேரம் அம்மா எனக்கு ஒரு போன் போடுவாள். இரண்டு நிமிஷம் பேசுவாள். மற்ற ஆறு நாளையும் அந்த இரண்டு நிமிஷத்தைச் சொல்லித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆளில்லாத கட்டில்களைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தபோது அக்கா வந்து நின்றாள். நாளைக்கு நாலரைக்குக் கிளம்பணும் என்றாள். எங்கே என்று கேட்டதற்கு, பறவை பார்க்க என்றாள். பின்னே சட்டதிட்டங்களை அடுக்கினாள். சிவப்பு உடுத்தக்கூடாது. பவுடர் கூடாது. கொலுசு கூடாது. பாலித்தீன் பை கூடாது, அது சரசரக்கும். செருப்பு சத்தம் போட்டால் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். போனை அணைத்துவிட வேண்டும். பைத்தியத்தோடு போகிறோமே என்று தோன்றியது. ஆனால் அந்த ஹாஸ்டலில் இன்னொரு ஞாயிறைத் தனியாகக் கழிப்பதைவிட அது தேவலை என்றும் தோன்றியது.

திருச்செந்தூர் பஸ்ஸில் அக்கா ஏறியதுமே கண்டக்டர் முன்பக்கம் பார்த்து, "யக்கா ஏறியாச்சு, பாட்டக் கொறைங்க" என்றார். ஞாயிறுதோறும் நடக்கும் காரியம் போல. குரும்பூரில் இறங்கி, மினி பஸ் பிடித்து ஆத்தூர். அங்கே வெற்றிலைக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ. அந்த ஆட்டோக்காரரைத்தான் பாராட்ட வேண்டும். நாங்கள் போக வேண்டிய சதுப்புக்கு ஒரு பர்லாங் முன்னாலேயே இஞ்சினை அணைத்துவிட்டார். சரிவில் கொஞ்ச தூரம் தானாக உருண்டது. மீதியை நானும் அக்காவும் தள்ளினோம். பறவை பார்க்கப் போகிறவர்கள் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போவது வழக்கம்தானோ என்று நானும் கேட்கவில்லை.

காயல்பட்டினத்துக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது அந்த இடம். ஒரு பக்கம் உப்பளம், வெள்ளை வெள்ளையாகக் குவித்த அம்பாரங்கள். மறுபக்கம் அலையாத்திப் புதர். நடுவில் கண்ணுக்கெட்டின மட்டும் முழங்கால் தண்ணீரும் சேறும். பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர் என்று வெயிலில் வெளுத்துப்போன ஒரு பலகை. வேறு மனித வாடையே இல்லை. பொதிகை மலையில் பிறந்து எங்கள் ஊர் வயலெல்லாம் பாய்ந்து வந்த ஆறு, கடைசியில் யாரும் இல்லாத இப்படி ஓர் இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்கா வரப்பில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பைனாகுலரில் ஒரு கண் பூஞ்சை பிடித்தது. நல்ல கண்ணைப் பத்து நிமிஷம் அவள், பத்து நிமிஷம் நான் என்று முறை வைத்துப் பார்த்தோம். நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா, கரண்டிவாயன் என்று காதோடு சொல்வாள். அக்காவுக்கு அடங்காத ஒரே ஜென்மம் அங்கே இருந்தது, ஆள்காட்டிக் குருவி. நாங்கள் அசைந்தால் போதும், தலைக்குமேல் சுற்றிச் சுற்றி ஊரைக் கூட்டியது. அக்கா அதைப் பார்த்து 'உஷ்' என்று விரலைக் காட்டினாள். அது இன்னும் நாலு கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தது.

ஒன்பதரை மணி இருக்கும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கடல் பக்கமிருந்து பூநாரைகள் வந்துகொண்டிருந்தன. அறுபதுக்குக் குறையாது. நீட்டிய கழுத்தும் நீட்டிய காலுமாக வந்து, எங்களுக்கு நூறடியில் ஒவ்வொன்றாக இறங்கித் தண்ணீரில் நடந்தன. இரண்டு பனிக்காலமாக அவை அந்தப் பக்கம் வரவில்லையாம். அக்கா அந்த இரண்டு பனிக்காலத்திலும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். பைனாகுலர் மடியிலேயே கிடந்தது. வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சுக்கூட விடவில்லை.

அப்போது என் போன் அடித்தது.

அம்மா கூப்பிடும் நாளாயிற்றே என்று அதை அணைக்காமல் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். லேப்காரப் பெண்கள் விளையாட்டுக்கு வைத்துவிட்ட நையாண்டி மேளம் அதில் இருந்தது. அந்த வெளியில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அறுபது பூநாரையும் ஒரே சமயத்தில் எழும்பின. சிறகுக்குள்ளே இருந்த சிவப்பெல்லாம் ஒரு நொடி வெளியே வந்தது. அவ்வளவுதான், வானம் காலியாகிவிட்டது.

அக்கா முகத்தைப் பார்க்கப் பயந்து, திரும்பி நின்று போனை எடுத்தேன். "ஏட்டி, அடுத்த ஞாயித்துக்கெழம நிச்சயம் வச்சிருக்கு" என்றாள் அம்மா. "நீ வரவேண்டாம், என்னா? நீ பெங்களூர்ல இருக்கே, லீவு கெடைக்கலன்னு மாப்பிள்ள வீட்டுல சொல்லியிருக்கோம்."

அம்பாசமுத்திரத்திலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில், கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு, பெங்களூரிலிருந்து "சரிம்மா" என்றேன். போனை வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அழகாக ஒன்றும் அழவில்லை. எட்டு மாதமாக அக்காவுக்குப் பயந்து தலையணைக்குள் அழுததை எல்லாம் சேர்த்து, சாவு வீட்டில் அழுவதுபோல வாய்விட்டு அழுதேன். பக்கத்துப் புதரிலிருந்த மடையான் கொக்குகூட எழுந்து போய்விட்டது. அக்கா 'உஷ்' என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள்.

போன் மறுபடி அடித்தது. அம்மாதான். நான் எடுக்கவில்லை. மேளம் நிற்கவே இல்லை. அக்கா அதைக் கையில் வாங்கிக் காதில் வைத்து, பழக்கதோஷத்தில் சொன்னாள்: "வணக்கம், சொல்லுங்க. சிலிண்டரா?"

எங்கள் அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. இல்லை, எங்களுக்குப் போன வாரம்தான் வந்தது என்று பதில் சொன்னாளாம். பிறகுதான் நீ யார் என்று கேட்டிருக்கிறாள். நான் உங்கள் மகளோடு ஹாஸ்டலில் இருக்கிறவள் என்றாள் அக்கா. அதற்குப் பின் இருபது நிமிஷம் அம்மா பேசினாள். அக்கா ரிசீவரைப் பிடிப்பதுபோலவே போனைக் காதிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ம். சரிம்மா. சொல்லுங்க. ம்" என்று கேட்டாள். ஊரை, சொந்தக்காரர்களை, என் தலையெழுத்தை, தன்னை, எல்லாவற்றையும் அம்மா திட்டித் தீர்த்திருக்க வேண்டும். கடைசியில் ஏதோ கேட்டாள். அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தாள்.

"இல்லம்மா, மெலியல. நல்லாத்தான் இருக்கா."

அந்த வருஷத்தில் என் ஜாக்கெட்டையெல்லாம் இரண்டு தடவை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. தையல் மெஷின் சத்தம் ஆகாது என்று கையாலேயே தைத்துக் கொடுத்தவள் அக்காதான்.

"அவளுக்கு உங்க மேல கோவமில்லம்மா" என்றாள் பிறகு. "போன அணைக்கச் சொன்னேன். நீங்க கூப்பிடுவீயன்னு அணைக்காம வச்சிருக்கா. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

மறுமுனையில் அம்மா வைத்துவிட்டாள். அக்கா போனை என்னிடம் தந்தாள். சூடாக இருந்தது. பூநாரை போய்விட்டதே அக்கா என்றேன். அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிய இட்லி. சாப்பிடச் சொன்னாள். நான் இரண்டாவது இட்லியை எடுத்த பிறகுதான் பேசினாள்.

"எனக்கு ஆளு போன் பண்ணி நாலு வருசமாச்சுட்டி. கூப்பிடுத எல்லாருக்கும் சிலிண்டர்தான் வேணும்."

மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அப்பா அம்மா போன பிறகு, குலசேகரன்பட்டினத்து வீட்டைத் தம்பி விற்றுவிட்டு துபாய்க்குப் போய்விட்டானாம். அதன்பின்னும் ஒரு ஞாயிறு அவள் அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறாள். வாசலில் நின்ற ஒரு பெண், யாரைப் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறாள். அக்காவுக்குச் சொல்லப் பெயர் இல்லை. "பழக்கத்துல இன்னும் ஊர்ப்பக்கம் போகுத அந்த பஸ்லதான் ஏறுதேன்" என்றாள். "பாதியில இறங்கி இங்கன வந்துருவேன்."

சாயங்காலம் வரைக்கும் சேற்றில் நடந்தோம். பூநாரைகள் திரும்பி வரவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்கும் சதுப்பில்தான் இருந்தோம். ஆனால் அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அக்காவின் போனுக்குக் கூப்பிட ஆரம்பித்தாள். என்னிடம் இரண்டு நிமிஷம், அவளிடம் அரை மணி நேரம். வைகாசியில் கல்யாணத்துக்கு வரலாம் என்று எனக்கு உத்தரவு வந்தது, பெங்களூரிலிருந்து வருகிறவளாக. அக்கா என்னுடைய மேனேஜராக வந்தாள், வார்டனிடம் இரவல் வாங்கிய பட்டுச்சேலையில். பெங்களூர் எப்படி இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, ஒரே குளிர், வாயைத் திறந்து யாரும் பேசுவதில்லை, ரொம்ப நல்ல ஊர் என்றாள். தவில்காரருக்கு இரண்டடி தள்ளி அவளுக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள். முகூர்த்தம் முடியும் வரைக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்தியைப் பார்த்து நாலு பேர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பந்தியில் அம்மா என் இலைக்கு முன்னால் வந்து நின்று, கேட்காமலே இரண்டு தரம் சோறு வைத்தாள்.

பிறகு எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. பாளையங்கோட்டையை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அக்கா இன்னும் அந்தக் கட்டிலில்தான் இருக்கிறாள்.

அந்தத் தை ஞாயிறு நாங்கள் திரும்பி வந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். குரும்பூரில் பஸ் கிடைத்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் அக்கா தூங்கிப்போனாள். தென்திருப்பேரைத் திருப்பத்தில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. கனமே இல்லை. காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. பாளை பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. பாதி ஆட்கள் இறங்கினார்கள். கண்டக்டர் எங்களைப் பார்த்து, "நீங்க இங்கனல்லா எறங்கணும்?" என்றார்.

"இல்லண்ணாச்சி" என்றேன். தோளை அசைக்காமல், அடுத்து வண்டி போகும் புது பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் இரண்டு டிக்கெட் கேட்டேன்.